உப்புத் தண்ணீரில் போட்ட வாட்ச்

என் மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்தத்தில் போடவேண்டிய வாட்சை, அதற்கு முன்பே நான் விதைநெல் வாளியில் போட்டுப் பார்த்துவிட்டேன். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். என் மகள் மட்டும் இரண்டையும் செய்யாமல், "ஆரம்பிச்சுட்டியாம்மா" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நாங்கள் நன்னிலத்துக்குப் பக்கத்தில் விதைநெல் போடுகிறவர்கள். எங்களிடம் விதை வாங்கிப் போனவர் வயலில் முளைப்பு குறைந்தால், அவர் மறுநாள் காலையில் எங்கள் வாசலில் நிற்பார். அதனால் எதையும் சோதிக்காமல் வெளியே அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. எனக்கு எதையும் சோதிக்காமல் வீட்டுக்குள் விடுகிற பழக்கமும் இல்லை. மஞ்சள்தூள் வாங்கினால் தண்ணீரில் கரைத்துப் பார்ப்பேன். சேலை வாங்கினால் கடையிலேயே முந்தானை ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். யார் எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும், நனைத்துப் பார்க்கும்வரை எனக்கு நம்பிக்கை வராது.

ஆனால் வாட்ச் விஷயத்தில் நான் அத்தனை பிடிவாதமாக இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. எனக்குக் கல்யாணம் பேசியபோது என் அப்பா இவருக்கு ஒரு வாட்ச் போட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். தங்க நிறத்தில், கையில் வாங்கினால் கை தாழ்கிற கனத்தில் இருந்தது அது. மண்டபத்தில் எல்லாரும் வாங்கிப் பார்த்து மெச்சினார்கள். முதல் சம்பா அறுவடை முடிவதற்குள் தங்க நிறம் உதிர்ந்து உள்ளே பித்தளை பல்லைக் காட்டியது. அப்புறம் முள்ளும் நின்றுவிட்டது.

என் நாத்தனார்கள் கெட்டவர்கள் இல்லை. இன்றைக்கும் எனக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஓடி வருவது அவர்கள்தான். ஆனால் கேலி என்று வந்துவிட்டால் விடமாட்டார்கள். எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "அண்ணி, உங்க அப்பா போட்ட வாட்சுல மணி என்ன?" என்று கேட்பார்கள். காதுகுத்தில் கேட்டார்கள், கிரகப்பிரவேசத்தில் கேட்டார்கள். ஒருமுறை என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார்கள். அவர் சிரித்தார். தப்பு செய்த பிள்ளை சிரிப்பது போன்ற சிரிப்பு. அந்த வாட்சை அவர் ஆசை ஆசையாக வாங்கியது எனக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குள் அப்படியே இருக்கிறது. என் மகள் காதில் இந்த ஒரு கேள்வி மட்டும் விழக்கூடாது என்று அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதே நினைத்துக்கொண்டேன்.

வரன் வேதாரண்யத்தில் அமைந்தது. உப்பளம் வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அப்பா தவறியதும் உப்பளத்தைப் பார்க்க ஊருக்கே திரும்பிவிட்டவர். அங்கே எல்லாவற்றுக்கும் பெரியவர் அவருடைய பெரியப்பா.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். இடது கையில் வளையம் போட்ட மாதிரி தோல் கறுத்து, செதில் செதிலாக இருந்தது. பஜ்ஜித் தட்டை நீட்டுகிற சாக்கில் இன்னும் குனிந்து பார்த்தேன். என்ன வியாதியோ, எதை மறைக்கிறார்களோ என்று அன்று முழுக்க இதே நினைப்பு. இவரிடம் சொன்னால், "நீ மாப்பிள்ளையப் பாத்தியா, மாட்டுக்குச் சுழி பாத்தியா?" என்றார்.

விஷயத்தை என் மகளே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வியாதி ஒன்றும் இல்லை. உப்பளத்தில் நாள் முழுக்க உப்புத் தண்ணீரும் வியர்வையும் வாட்சுக்கு அடியில் போய்த் தங்குமாம். சாதாரண வாட்ச் அதில் அரித்து, தோலையும் புண்ணாக்கிவிடுமாம். ஒன்று மாற்றி ஒன்று கட்டிப் பார்த்து, கடைசியில் வாட்சே வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். பாத்திக்குத் தண்ணீர் விடும் நேரம் பார்க்கப் போனைத்தான் எடுப்பாராம், அதையும் உப்புக் கையால் எடுத்து எடுத்து இரண்டு போன் கெட்டுவிட்டதாம்.

எங்கள் பக்கம் நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது வழக்கம். மோதிரம் விரலில் ஏறிவிட்டால் அதை யாரும் கவனிப்பதில்லை. வாட்சைத்தான் கைக்குக் கை வாங்கிப் பார்ப்பார்கள். இவர் திருவாரூர் கடைத்தெருவில் தங்கநிறத்தில், கனமாக ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். என் மகள் வேதியியல் படித்தவள். அவள் வேண்டாம் என்றாள்.

"டைட்டானியம்னு ஒரு உலோகம்மா. உப்பு அதை அரிக்காது. தோலையும் ஒண்ணும் பண்ணாது. விலை ஒசந்ததும் இருக்கு, நம்ம கைக்கு அடங்குறதும் இருக்கு. அதுதான் அவங்களுக்குச் சரியா வரும்."

அவளே போனில் தேடினாள், அதை வாங்கிக் கட்டியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தாள், ஒன்றை ஆர்டர் போட்டாள். கல்யாணத்தில் தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான் என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை.

வாட்ச் கூரியரில் வந்த அன்று இவர்தான் பிரித்தார். சாம்பல் நிறம். பளபளப்பு கிடையாது, அலுமினியப் பாத்திரம் துலக்கி நாளானது போல இருந்தது. இவர் அதை உள்ளங்கையில் வைத்து, நெல்லைத் தூக்கிப் போட்டுப் பார்ப்பது போல இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பதரு," என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் முதலில் கனத்தை வைத்துத்தான் எடைபோடுவார்கள். மணி பிடித்த நெல் கையில் கனக்கும், பதர் பறக்கும். சிறு வயதிலிருந்து இதையே பார்த்துப் பார்த்து, கனமாக இருப்பதெல்லாம் நல்லது, லேசாக இருப்பதெல்லாம் ஏமாற்று என்று கைக்கே ஒரு புத்தி வந்துவிடும். குடை வாங்கினாலும் கனத்தைப் பார்ப்பார்கள். மூக்குக்கண்ணாடி வாங்கினாலும் பார்ப்பார்கள். எங்கள் சின்ன மாமனார் பல்செட் கட்டி வந்தபோது அதைக் கையில் வாங்கி எடை பார்த்தவர் உண்டு. நானும் அந்த வாட்சைக் கையில் வாங்கினேன். உண்மையில் வாங்கியது போலவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இத எடுத்துட்டுப் போயி சபையில வச்சா என்ன சொல்லுவாங்கடி?" என்றேன்.

"லேசா இருக்குன்னு சொல்லுவாங்க. லேசாத்தான் இருக்கும். அதுதான் அதோட குணம்," என்றாள் மகள்.

சொன்னால் போதுமா? நான் என் வேலையை ஆரம்பித்தேன். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வீட்டில் உண்டு, விதைக்குள் ஆணி கிணி விழுந்தால் எடுப்பதற்கு. அதை வாட்சின் மேல் வைத்தேன். ஒட்டவில்லை. பட்டையில் ஓட்டினேன். ஒட்டவில்லை. பட்டையும் வாட்சும் சேருகிற இடத்தில் மட்டும் லேசாக ஓர் இழுப்பு இருந்தது போலத் தோன்றியது. அங்கே ஒரு சின்ன பின் இருக்கிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் ஆணியால் கீறிப் பார்த்தேன். கோடு விழவில்லை. சரி, பின்பக்கத்தையும் பார்ப்போம் என்று திருப்பி ஓர் இழுப்பு இழுத்தேன். அங்கே பளிச்சென்று கோடு விழுந்துவிட்டது, கோழி கிளறினது போல ஒரு சின்ன வளைந்த கோடு.

மகள் பார்த்துவிட்டாள். "புது வாட்சும்மா. அவங்களுக்குப் போடுற வாட்ச்," என்றாள். வாட்சைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது குறுவைக்கு விதை தயார் செய்யும் நேரம். நாங்கள் இன்னும் உப்புத் தண்ணீரில்தான் விதையைப் பிரிப்போம். பெரிய வாளியில் தண்ணீர் வைத்து, கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே வரும்வரை உப்பைக் கரைக்கவேண்டும். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மேலே மிதக்கும். மணி பிடித்தது அடியில் தங்கும். மேலே இருப்பதை அரித்து மாட்டுக்கு, கீழே இருப்பதை அலசி நாற்றங்காலுக்கு. மறுநாள் நான் உப்பைக் கரைத்துக்கொண்டு நிற்கும்போது, இதே உப்பில்தானே அந்தப் பிள்ளை நாள் முழுக்க நிற்கப்போகிறது என்று தோன்றியது. உள்ளே போய் வாட்சை எடுத்து வந்து நெல்லோடு சேர்த்து வாளியில் போட்டேன்.

பதரெல்லாம் மேலே வந்தது. வாட்ச் வரவில்லை. நேராக அடிக்குப் போய் நெல்லுக்குள் உட்கார்ந்துகொண்டது.

இவர் வயலிலிருந்து வந்து, "வாட்ச் எங்க? பெட்டி காலியா கெடக்கு," என்று கேட்டார்.

"பதருன்னீங்கள்ல. வந்து பாருங்க, மிதக்குதான்னு."

இவர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். நான் வேண்டுமென்றே அதை மாலைவரை அப்படியே ஊறவிட்டேன். எடுத்து அலசித் துடைத்தபோது கண்ணாடிக்குள் ஒரு பொட்டு ஈரம் இல்லை. முள் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதிப் பயம் போனது. மீதிப் பாதி சபையைப் பற்றியது.

சபையில் நான் பயந்ததுதான் நடந்தது. திருவாரூர் மண்டபத்தில், தாம்பாளத்திலிருந்து வாட்சை எடுத்துப் பெரியப்பா கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். உப்புக்காரர்களுக்கும் அதே புத்திதான் போலிருக்கிறது.

"என்ன சம்பந்தி, காத்த புடிச்ச மாதிரி இருக்கு. உள்ள மெஷின் வச்சிருக்காங்கள்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். மனிதர் விகல்பமாகச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் என் காது இரண்டும் கொதித்தன. இவர் எழுந்து, "அந்த உலோகமே லேசுங்க. ஆனா உப்புல நிக்கும்," என்றார், என்னமோ அதைப் பூமியிலிருந்து தானே வெட்டி எடுத்தவர் மாதிரி. வீட்டில் பதர் என்று சொன்ன அதே வாய். அன்று இவர் மேல் எனக்கு வந்த அன்பு கொஞ்சநஞ்சமில்லை.

மாப்பிள்ளை கையை நீட்டினார். "நான்தான் பெரியப்பா இது வேணும்னு கேட்டேன்," என்றார். அவர் கேட்கவில்லை. அந்த வாட்சை அவர் பார்ப்பதே அப்போதுதான். எல்லாரையும் சோதிக்கிற நான் அந்த ஒரு பொய்யைச் சோதிக்காமல் உள்ளே விட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் அவர் வாட்சைக் கழற்றாமல் கை கழுவினார் என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மகள் வேதாரண்யம் போனாள். போனில் பேசும்போதெல்லாம் சுற்றி வளைத்துக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன்.

"வாட்ச் கட்டிக்கிறாரா?"

"கட்டிக்கிறாரும்மா."

"ஓடுதா?"

"ஓடுதும்மா. நீ சாப்ட்டியா?"

அந்த வருஷம் மழையும் சுமுகமாக இருந்தது. தாளடிப் பயிர் நன்றாக விளைந்தது. அறுவடை முடிந்து, பங்குனியில் புது அரிசி ஒரு மூட்டையும் பலகாரமும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மகளைப் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் முதலில் கையைத்தான் பார்த்தேன்.

மணிக்கட்டில் வாட்ச் இல்லை.

பழைய கறுப்புத் தடம் போயிருந்தது. செதில் இல்லை, புண் இல்லை, தோல் நல்ல தோலாக இருந்தது. வெயில் படாத வெளுப்பாக ஒரு பட்டை மட்டும் இருந்தது. அதாவது இவ்வளவு நாளும் கட்டியிருக்கிறார், இப்போது கட்டவில்லை. நின்றுபோயிருக்கும். அல்லது பெரியப்பா ஏதாவது சொல்லிச் சொல்லி, பிள்ளை வெட்கப்பட்டுக் கழற்றி வைத்திருக்கும். வீடு போய்ச் சேரும்வரை எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. என் அப்பாவின் சிரிப்புதான் கண்முன்னால் நின்றது. அடுத்து யாராவது என் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள், அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அல்லது ஏற்கெனவே கேட்டுவிட்டார்களோ என்னவோ.

மகள் கொடுவா மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இவர் இரண்டாவது தடவை சோறு வாங்கி, "குழம்பு ஒங்கம்மா வக்கிறதவிட நல்லாருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாட்ச் இல்லாததை இவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து இவரிடம் நெல் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் மகளைத் தனியாகப் பிடித்தேன்.

"வாட்ச் நின்னு போச்சா?"

"இல்லம்மா."

"பெரியப்பா ஏதும் சொன்னாரா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல." குழாயை மூடினாள். "தொலைஞ்சு போச்சும்மா. போன வாரம். ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுட்டிருக்கோம்."

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது பட்டை கழன்று விழுந்திருக்கிறது. கரைக்கு வந்து பார்த்தபோதுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்திருக்கிறது. அன்று வாரிய உப்பை அப்படியே கரையில் அம்பாரமாக விட்டுவிட்டு, வேறு யாரையும் அதில் கைவைக்க விடாமல், தினமும் வேலை முடிந்தபிறகு மாப்பிள்ளையே பாத்தியைத் தடவித் தடவித் தேடுகிறாராம். உப்பு ஏற்ற வந்த லாரியைக்கூட வேறு அம்பாரத்துக்கு அனுப்பிவிட்டாராம்.

"நீங்க வரதுக்குள்ள அதே மாதிரி ஒண்ணு ஆர்டர் போட்டுடலாம்னு சொன்னேன்," என்றாள் மகள். "வேணாம்னுட்டாரு. அத்தை வந்ததும் திருப்பித்தான் பாப்பாங்க, பின்னாடி கோடு இருக்காதேன்னாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நான் கிழித்த அந்தக் கோழிக் கிறுக்கலை அவர் பார்த்திருக்கிறார். என் மகளிடம் விசாரித்து, அது எப்படி வந்தது என்பதும் தெரிந்து வைத்திருக்கிறார். இத்தனை மாதத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை கிளம்பும்போது நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

"அத்தை, நானே சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மாப்பிள்ளை. அம்பாரம் எங்க இருக்கு, காட்டுங்க."

இவரும் கூடவே வந்தார். உப்பளத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். எங்கள் வயலைப் போலவே வரப்பு, வாய்க்கால், பாத்தி. ஒரு பச்சை மட்டும் கிடையாது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பெண்கள் நீளக் கம்பில் பலகை வைத்து உப்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். திசைக்கொன்றாக அம்பாரங்கள் நின்றன. அவர் காட்டிய அம்பாரம் மட்டும் உச்சியில் கலைந்து கிடந்தது.

"லேசான பொருளாச்சே, வாரிக் கொட்டும்போது மேல நின்னிருக்கும்னு மேலாப்புலதான் கலைச்சுப் பாத்தோம் அத்தை. கெடைக்கல. அதான் பாத்திக்குள்ளயே விழுந்திருக்கும்னு அங்க தேடிட்டிருக்கேன்."

"லேசுன்னு நம்ம கைக்குத்தான் தோணுது. உப்புத் தண்ணியில அது நேரா அடிக்குப் போறத நான் பாத்திருக்கேன்," என்றேன். "அம்பாரம் கொட்டும்போது கனமானது உருண்டு அடியிலதான் வந்து நிக்கும். நெல்லுல கல்லு கெடக்குமே, அதுமாதிரி. சுத்தி அடி ஓரமாப் பாருங்க."

மூன்று பேரும் மூன்று பக்கம் குந்தினோம். அங்கே வேலை செய்த பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு, மாமியார் உப்பில் புதையல் தோண்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண், "எடுத்தா எங்களுக்கும் பங்கு தாங்க," என்றாள். உப்பு விரல் இடுக்கில் எரிந்தது. இவர் ஒவ்வொரு கட்டியாக எடுத்து, பழக்கதோஷத்தில் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு எறிந்துகொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். இப்படி ஒவ்வொன்றுக்கும் எடை பார்த்தால் எப்போது முடிப்பது?

அப்போது இவர் கை ஒரு கட்டியோடு நின்றது. தூக்கிப் போட்டுப் பிடித்தார். இன்னொரு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"இது உப்பு இல்ல," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கனமா இருக்கு."

"என்னமா இருக்கு?"

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "கனமாத்தான்டி இருக்கு," என்றார் இவர் மறுபடியும், தலையைக் குனிந்துகொண்டே.

கட்டியைத் தண்ணீரில் கழுவக் கழுவ உப்பு உதிர்ந்தது. உள்ளே இருந்து முதலில் கண்ணாடி வந்தது, பிறகு முள் வந்தது. விநாடி முள் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத அத்தனை நாளும் உப்புக்குள் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது. துருவென்று ஒரு புள்ளி இல்லை. வாட்சின் உடம்பிலும் பட்டையிலும் நிறையக் கீறல்கள். ஆணிக்கே தாங்காதது உப்பளத்தில் எங்கே தாங்கும்? கண்ணாடி மட்டும் கூரியரில் வந்த அன்றைக்கு இருந்தது போல இருந்தது. பட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மறுபக்கம், பின் மாட்டியிருந்த துளையில் பழுப்பாகத் துருக்கறை.

காந்தம் லேசாக இழுத்த இடம் அதுதான். வாட்சின் உடம்பு டைட்டானியம், பட்டை டைட்டானியம், இரண்டையும் பிடித்து வைத்திருந்த அந்தத் துளியூண்டு பின் மட்டும் வெறும் இரும்பு வகை. விலையைக் குறைக்க அங்கே கைவைத்திருக்கிறார்கள். நானும் நெற்கட்டை ஆற அமரப் பார்த்துவிட்டு, அதைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இப்போது யாராவது இப்படி ஒரு வாட்ச் வாங்கட்டுமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள், ஆனால் வந்த அன்றே பின்னை மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வாட்சை என் கையில் கொடுத்தார். "திருப்பிப் பாருங்க அத்தை," என்றார்.

திருப்பிப் பார்த்தேன். அத்தனை கீறல்களுக்கு நடுவிலும் என் கோடு தனியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் டைட்டானியத்திலேயே பின் கிடைக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தாள். அதுவரை பொறுக்க மாப்பிள்ளைக்கு மனம் இல்லை. மீன்வலை பின்னுகிற நைலான் நூலைத் துளைகளில் இரண்டு சுற்றாகக் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டுக் கையில் கட்டிக்கொண்டார். பார்க்க அழகாக இல்லை. முடிச்சை நான் இழுத்துப் பார்த்தேன். நின்றது.

மதியம் சாப்பிட்டுக் கிளம்பினோம். மகள் கருவாடும் ஒரு பை உப்பும் கட்டிக் கொடுத்தாள். அடுத்த குறுவை விதைக்கு அது போதும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, கூடத்திலிருந்து பெரியப்பா எழுந்து வந்து சத்தமாகக் கேட்டார்.

"தம்பி, உன் மாமனார் போட்ட வாட்சுல மணி என்ன?"

என் கால் செருப்புக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது. என் மகளைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. மாப்பிள்ளை கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மூணே முக்கால் பெரியப்பா."

"அப்பச் சரி, திருவாரூர் பஸ்ஸு வர்ற நேரந்தான். கெளம்புங்க சம்பந்தி," என்றார் பெரியப்பா.

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு ஒருவர் மணி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.